ஒன்பது நாள் கூடை

படிவத்தில் பதினோராவது கேள்வி:
"கைவினைஞரின் கதை, ஐம்பது சொற்களுக்குள்."
அவின்போனோவைக் கேட்டேன்.
"எழுது," என்றாள், பல்லிடுக்கில் புல்லோடு.
"மூன்று நாள் வேலை. பாதிப் பணம் முன்கூட்டியே.
கைப்பிடித் தோலுக்குத் தனி."
எண்ணிப் பார்த்தேன். ஒன்பது சொல்.
மிச்சம் நாற்பத்தொன்றை
அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

நான் சங்கத்தின் கணக்குப் பிள்ளை, அகோல்போகா.
நெய்வேன், சுமாராக.
என் கூடைகள் உட்காரும்போது ஒரு பக்கம் சாயும்,
பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பவர் போல.
அதனால் பேனா என்னிடம் வந்தது.

முன்பு போல்கடாங்கா சந்தையில்
தரகன் கூடையைக் கவிழ்த்துத் தட்டுவான்,
முலாம்பழம் வாங்குகிறவனைப் போல.
வெயில் இறங்க இறங்க விலையும் இறங்கும்.
விற்காததைத் திரும்பச் சுமக்க
எங்களுக்கு மனம் வராதென்று
அவனுக்குத் தெரியும்.

இப்போது நேரத்துக்குக் கூலி.
நேரத்தை எழுத உட்கார்ந்தோம்,
சண்டை வந்தது.
தெற்கிலிருந்து புல் லாரி வரும்வரை காத்திருந்தது
நேரமா இல்லையா?
பல்லால் கீறுவது? உள்ளங்கையில் முறுக்குவது?
சாயப் பானைக்கு விறகு தேடியது?
பால் கொடுக்க நிறுத்தியதைக் கழிக்கச் சொன்னேன்.
"பிள்ளை குடித்தபோது
என் கை சும்மாவா கிடந்தது?"
கழிக்கவில்லை.
இரண்டு மாலை, ஒரு பானை பீட்டோ.
கூடைக்கு மூன்று நாள் என்று முடிந்தது.
பீட்டோ குடித்த நேரத்தை
யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில், பாலைப் புழுதி
மாட்டின் இமையிலும் படியும் நாட்களில்,
கூத்ருன் வந்தாள்.
டென்மார்க்கில் வில்லோக் குச்சியில் கூடை முடைகிறவள்.
எங்களுக்குக் காட்ட ஒரு கட்டு கொண்டுவந்தாளாம்.
அக்ரா விமான நிலையத்தில்
பூச்சி இருக்கும் என்று பிடுங்கிக்கொண்டார்கள்.
வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.
கட்டைவிரலடியில் காய்ப்பு.
அவின்போனோ அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு
ஒரு புல்கட்டை அவள் மடியில் போட்டாள்.

வில்லோவைத் தள்ள வேண்டும் போலிருக்கிறது.
புல்லை இழுக்க வேண்டும்.
அவள் தள்ளினாள்; புல் உடைந்தது.
பல்லால் கீறினாள்; உதடு கிழிந்தது.
மூன்றாம் நாள் பிரித்தாள், ஐந்தாம் நாளும்.
ஒன்பதாம் நாள் எழுந்து நின்ற அதைக்
கூடை என்றால் கூடை.

"கணக்கில் ஏற்று," என்றாள் அவின்போனோ.
"விதி விதிதான். ஒன்பது நாள்,
மூன்று கூடையின் பணம்."
கூத்ருன் சிரித்தாள், வேண்டாம் வேண்டாம் என்றாள்.
அவின்போனோ சிரிக்கவில்லை.
நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.

தோல் தைக்கும் அபுக்ரே ஊசியை நிறுத்தினான்.
"தேர்ந்த கைக்கும் பழகும் கைக்கும்
ஒரே கூலியா?"
அதை மொழிபெயர்த்துச் சொன்னோம்.
கூத்ருன் கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்:
"இங்கே பழகும் பெண்களுக்கு
என்ன கொடுக்கிறீர்கள்?"

இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பாதி.
அதுவும் கூடை விற்றால்.
படிவத்தில் அதைக் கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை.
தரகனின் தட்டல் என் விரலிலேயே
இருந்திருக்கிறது.

அபுக்ரே ஊசிக்குத் திரும்பினான்.
வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள்.
கூத்ருனின் கூடையில் இப்போது
என் மேசையடியில் வெங்காயம் இருக்கிறது;
பணத்தை வாங்கிக்கொண்டாள், எண்ணிப் பார்த்துத்தான்.

அன்று நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே
பின்வரிசையில் அசக்கியா,
பதினாறு மாதமாய்ப் பழகுகிறவள்,
விரல் மடக்கத் தொடங்கியிருந்தாள்.
பத்து முடிந்ததும்
பக்கத்தில் இருந்தவளின் கையை
இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.